இல்க்லி மூர் பாறை கருங்கல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் யார்க்‌ஷயர் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் இல்க்லி மூர் என்ற மேட்டுநிலத்தில் உள்ள ‘பசுவும் கன்றும்’ பாறைகளைப் பற்றி வந்திருந்தது. மனைவிக்குப் பயந்து ஓடிய ரொம்பால்ட் என்ற அரக்கன் மிதித்ததில்தான் கன்று தனியாகப் பிளந்தது என்ற கதையெல்லாம் சரி, ரசித்தேன். ஆனால் பாறையைக் கருங்கல் என்று எழுதியதை விட்டுவிட மனம் வரவில்லை. அது மணற்கல். பக்கத்தில்தான் குடியிருக்கிறேன், லீவு கிடைத்தால் அங்கேதான் போவேன்.

தூரத்தில் பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். லீட்ஸ், பிராட்போர்டு ஆலைகள் பல தலைமுறையாகக் கக்கிய நிலக்கரிப் புகை படிந்த கறுப்பு அது. உண்மை நிறம் தெரிய வேண்டுமென்றால் பாறைக்குப் பின்னாலேயே இருக்கிற கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் போக வேண்டும், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல் உடைத்த சுவர் வெளிர் மஞ்சளாக இருக்கும். கையை வைத்துத் தேய்த்தால் மணல் உதிரும், கடுகு அளவிலும் மிளகு அளவிலும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் மணிகள், நடுநடுவே இளஞ்சிவப்பாக பெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம். சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தபோது, வடக்கே இருந்த பெரிய மலைகள் கரைந்து ஆற்றோடு வந்து கழிமுகத்தில் சேர்ந்த மணல் இது. அந்த மலைகளில் கருங்கல்லும் உண்டு, ஆக கட்டுரையாளர் சொன்ன கருங்கல் இதற்குள் பொடியாக இருக்கவே செய்கிறது.

சுவரில் சாய்ந்து ஓடும் வரிகளைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். காவிரியில் மணல் அள்ளிய குழியின் ஓரத்தில் வரிவரியாகச் சாய்ந்திருக்குமே, அதேதான். மணல்மேடு தண்ணீரில் நகரும்போது முன்சரிவில் மணல் சரிந்து சரிந்து விழுந்த தடம், அதனால் வரி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆறு ஓடியது. 1850களிலேயே ஷெஃபீல்டைச் சேர்ந்த நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி தெற்கு யார்க்‌ஷயரில் இதே வகைப் பாறையில் இந்தச் சாய்வுகளை அளந்து, வெள்ளம் வடகிழக்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். மாவு அரைக்கும் கல் செய்ய உதவியதால் இந்தப் பாறை வகைக்கே மில்ஸ்டோன் கிரிட் என்றுதான் பெயர்.

அப்புறம் கன்று. அது மேலே உள்ள பாறை முகட்டிலிருந்து கழன்று விழுந்த துண்டு. பனியாறு பள்ளத்தாக்கைச் செங்குத்தாக அரித்துவிட்டுப் போனது, மணற்கல்லுக்கு அடியில் இருப்பதோ மென்மையான களிப்பாறை, அது இளக இளக மேலே உள்ள கனமான கல் வெடிப்புகளில் பிளந்து சரிந்திருக்கிறது. சரிவு முழுக்க இப்படி விழுந்த கற்கள்தான்.

குவாரி விளிம்பிலேயே ஒரு பாறையில், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன் யாரோ செதுக்கிய குழிகளும் வளையங்களும் இருக்கின்றன. கல் உடைத்தவர்கள் அதற்கு மிக அருகில் வரை வந்திருக்கிறார்கள், நல்லவேளை தப்பியது.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் அந்தக் குவாரிச் சுவரின் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், பிராட்போர்டு