அடுக்கக வீட்டுச்செடி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், அடைமழை நாட்கள் நீங்கலாக, ஒழுங்காக நடந்தன. பதியன் பரிமாற்றமும் மண்கலவைப் பயிற்சியும் நல்லபடியாக முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பூச்சி விவகாரத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த புகார்களில் பெரும்பாலானவை மாவுப்பூச்சி பற்றியவை. செம்பருத்தி, குரோட்டன், மணி பிளாண்ட் என்று எதையும் விடவில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கும். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று உடனே கேட்கிறோம், தொட்டியில் எறும்பு ஏறுகிறதா என்று பார்ப்பதில்லை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது, தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டுகிறது. இலைமேல் கருப்பாகப் படியும் பூசணமும் அந்த இனிப்பில் வளர்வதுதான். ஆகவே முதலில் எறும்பை நிறுத்துங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் மேல் வைத்தாலே போதும், இலை சுவரைத் தொடக்கூடாது.

ஒரு கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் "ராட்சத மாவுப்பூச்சி" என்று ஒரு கிளையை ஒடித்து வந்தார். லென்ஸில் பார்த்தால், நீள நீளமான மெழுகு இழைகளோடு விறுவிறுவென்று ஓடுகிறது! அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை அடக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, ஆனால் அது விரும்பித் தின்பது மாவுப்பூச்சியைத்தான். கிளையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தனுப்பினோம். 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் மருந்து அல்ல, 2010இல் வரவழைத்து விடப்பட்ட ஒரு குட்டிக் குளவிதான்.

கோடையில் ஹாலில் இருந்த அரெக்கா பாம்களுக்குச் செஞ்சிலந்தி என்ற நுண்ணிய சிலந்திப்பேன் வந்தது. இலை வெளிறி, ஊசி குத்தியதுபோல் மஞ்சள் புள்ளி விழும். வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழும் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். வறண்ட காற்றில் பெருகுவதால், இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவினாலே பாதி போய்விடும்.

செதில்பூச்சியை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அசுவினிப் பூச்சிக்குத் தண்ணீர்ப் பீச்சல் போதும்.

வேப்பெண்ணெய்: லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. சோப்புக் கரைசலில் முதலில் அடித்துக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், இலை கருகும். ஒரு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுச் செடிக்கும் அடியுங்கள், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் செய்யவும். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் படுக்கையறைச் செடிக்கு வாங்கித் தரும்படி வந்த கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே தீர்மானம்: நர்சரியிலிருந்து வரும் எந்தச் செடியும் இரண்டு வாரம் தனியே இருக்க வேண்டும். லென்ஸும் தெளிப்பானும் பொது அறையில் இருக்கும். எடுத்தவர் கழுவி வைக்கவும்.

அறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்