அந்த நோட்டை நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் குருசேகரக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம். நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். என் தங்கை மகனின் அடக்க ஆராதனையில், பெட்டி மூடுவதற்கு முன்னாலேயே, நீங்கள் அழைத்து வந்த ஊழியக்காரர் "இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்" என்றார். மூன்று பேர் ஆமென் சொன்னார்கள். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

என் தங்கை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள், ஐயா. பையனுக்கு வாங்கிய இரட்டைக் கோடு நோட்டில் அவன் அ, ஆ எழுதிய நாலு பக்கம் போக மீதியில் தன் பாவங்களை எழுதுகிறாள். மாமியாரை எதிர்த்துப் பேசியது. காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் இரண்டு ஞாயிறு கோயிலுக்கு வராதது. கோயிலுக்குக் கொடுக்கிற தசமபாகத்துக்கு எடுத்து வைத்ததில் 300 ரூபாய் எடுத்து, மலைக்குளிருக்கு அவனுக்கு ஸ்வெட்டர் வாங்கியது; இதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி, "அக்கா, ஸ்வெட்டரா இருக்குமோ?" என்கிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான். வருகிற ஞாயிறு பீடத்தில் நின்று, அந்தப் பிள்ளை செத்தது பெற்றவர்கள் பாவத்தால் அல்ல என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார், யோவான் 9. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், செத்தவர்கள்தான் ஊரிலேயே பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்றுதான் கேட்டார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு, வேளாங்கண்ணிக்குப் போனவர்களைக் கடல் கொண்டுபோனதே, அந்த வீடுகளுக்கெல்லாம் போய் நம் ஊழியக்காரர் நோட்டுப் போடச் சொல்வாரா? யோபு தன் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்தபோது அவருடைய நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது தன்னோடு சண்டை போட்ட யோபுவின்மேல் அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய இந்த நண்பர்கள்மேல்தான்.

1943இல் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போக, 17 வயதில் தான் மட்டும் தப்பிய யுர்கன் மோல்ட்மன் பிற்பாடு பெரிய இறையியலாளர் ஆனார். சிலுவையில் தேவனே பாடுபட்டார் என்பதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். தேவன் நல்லவர்தானா என்று எனக்கும் சில ராத்திரி சந்தேகம் வருகிறது, அதை அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். சங்கீதம் 88 முழுக்க அந்தப் புலம்பல்தான், ஆறுதல் சொல்லாமலே முடிகிறது. அதை நம் கோயிலில் ஒருநாளும் வாசித்து நான் கேட்டதில்லை. வேலை மாற்றம் கிடைத்த சாட்சி மட்டும் வாராவாரம் கேட்கிறேன்.

பெரிய பங்களாவில் சாவு விழுந்தால் 'தேவ சித்தம்', எஸ்டேட் லைன் வீட்டில் விழுந்தால் பாவமா? அந்த ராத்திரி வண்டி கிடைக்கவே ஒன்றரை மணி நேரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு மூச்சு அடங்கிவிட்டது. அது யார் பாவம்? கன்வென்ஷனுக்கு ஸ்பீக்கர் பெட்டி ஏற்ற மட்டும் எந்த நேரமும் வண்டி வருகிறது. சரி, விடுங்கள், நான் கேட்க வந்தது அதுவல்ல.

மன்னிப்புக் கடிதம் வேண்டாம், கமிட்டித் தீர்மானமும் வேண்டாம். அவள் பாவமல்ல என்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே சொல்லுங்கள். முடிந்தால் அதற்கு முன் ஒருநாள், அந்த ஊழியக்காரர் இல்லாமல், வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் வேலை விட்டு வந்திருப்பாள். டீ போடுகிறேன். அந்த நோட்டை நான் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள், நீங்கள் கேட்டால் தருவாள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருத்தி, ஏற்காடு