அட்டையைக் கைமாற்றினால் ஆங்கிலம் வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வழியாக ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி நம் குமரி மாவட்டத்திலும் அதிகம் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாய் திறக்காமலே ஜெயிக்க முடிகிற விளையாட்டில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசமாட்டார்கள். அணியாகத் திட்டமிட்டு ஆடும் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

40 பேர் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால், 45 நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் தேறுவதே கஷ்டம். அதற்குப் பதில், ஒரு பண்டமாற்று விளையாட்டு வையுங்கள். நான்கு பேர் அணி ஒன்றுக்கு ஒரு படகு என்று பிரித்து, ஐந்து படகுகளை ஒரு துறைமுகமாக்குங்கள். 40 பேருக்கு இரண்டு துறைமுகம். கடலுக்குப் போக ஒரு படகுக்கு ஐஸ், டீசல், குடிதண்ணீர், அரிசி, வலை ஐந்திலும் இரண்டிரண்டு அட்டை வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு படகிடமும் ஒரே ஒரு பொருளின் அட்டைகள்தான் இருக்கும். மற்றதை மற்ற படகுகளிடம் பேரம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய காலண்டர் அட்டையை வெட்டினால் போதும், காசு செலவில்லை.

எல்லாப் பொருளிலும் 10 அட்டை கொடுத்தால் விளையாட்டு கெட்டுவிடும். எல்லோருக்கும் சரியாகப் போதும் என்பதால், பேச்சே இல்லாமல் அட்டையை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆகவே ஐஸ் மட்டும் 6, மற்றவை 10. ஒரு துறைமுகத்துக்கு 46 அட்டை. இப்போது மூன்று படகுதான் கிளம்ப முடியும். ஐஸ் வைத்திருப்பவர்கள் விலையை ஏற்றுவார்கள். ஆனால் டீசல் இல்லாமல் அவர்களும் நகர முடியாது. பேரம் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

"இஃப் யூ கிவ் அஸ் டூ பாக்ஸஸ் ஆஃப் ஐஸ், வீ வில் கிவ் யூ த்ரீ கேன்ஸ் ஆஃப் டீசல்." இந்த ஒரு வாக்கிய அமைப்பைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். வாக்கியம் சொல்லாமல் அட்டை கைமாறினால், அது ஆசிரியர் மேசைக்கு வந்துவிடும். பிள்ளைகள் வழக்கமாக "இஃப் யூ வில் கிவ்" என்பார்கள். தமிழைக் காட்டியே இதைத் திருத்தலாம். "நீ தந்தால் நான் தருவேன்" என்பதில், "தந்தால்" என்ற சொல்லில் எதிர்காலம் இல்லை, "தருவேன்" என்பதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். "டூ ஐஸ்" என்பது இன்னொரு பிழை. ஐஸ், டீசல், தண்ணீர், அரிசி நான்கையும் எண்ண முடியாது, பெட்டியையும் கேனையும் மூட்டையையும்தான் எண்ணலாம். வலையை மட்டும் நேராக எண்ணலாம். அட்டையிலேயே அப்படி எழுதிக் கொடுங்கள்.

நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளையே எல்லாப் பேரத்தையும் முடித்துவிடுவதுதான் பெரிய தொல்லை. ஆளுக்கு நான்கு புளியங்கொட்டை கொடுத்து, அணிக்கு ஒரு சிரட்டை வையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கொட்டை சிரட்டைக்குள் விழ வேண்டும். தன் கொட்டை தீர்ந்தவர் மற்ற மூவருடையதும் தீரும்வரை பேரம் பேசக்கூடாது. அப்போது அவரே பக்கத்துப் பிள்ளையின் காதில் வாக்கியத்தைச் சொல்லிக் கொடுப்பார். கூச்சப்படும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வதைவிட அது எளிதாக ஏறும்.

நேரத்தைப் பொறுத்தவரை, உட்கார வைக்க 5 நிமிடம், இரண்டு பிள்ளைகளை வைத்து ஆடிக்காட்ட 5, அணிக்குள் தமிழிலேயே திட்டமிட 5, பேரத்துக்கு 18. தமிழ் கூடாது என்று திட்டமிடும்போதே தடுத்தால் யோசனையும் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும். பேரத்தின் நடுவில் பிழை திருத்தாதீர்கள். காதில் விழுந்ததைக் குறித்து வைத்து, கடைசி 12 நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்துங்கள். சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மதிப்பெண் மட்டும் போடவே வேண்டாம்.

தூத்தூர், குளச்சல் பிள்ளைகளுக்குப் படகு தெரியும். தோவாளையில் பூச்சந்தை, குலசேகரம் பக்கம் ரப்பர் என்று மாற்றிக்கொள்ளலாம். தலைமை ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வாரம் ஐஸை 10 ஆக்கி, டீசலை 6 ஆகக் குறைத்து மறுபடி ஆடலாம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தக்கலை.