நூல் சுற்றிய நாயனம்

இணுவில்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இங்கே சுகம். அப்பாவுக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் அறையைச் சுற்றிக் காட்டினாயல்லவா, அப்போது யன்னலுக்குக் கீழே ஹீற்றரையும் அதற்கு மேலே தட்டில் உன் புதுக் கிளாரினெற் கிடந்ததையும் கண்டேன். உடனே சொல்ல வாயெடுத்தேன். நீ "ஓமம்மா, ஓமம்மா" என்றுவிட்டு வகுப்புக்கு ஓடிவிடுவாய் என்று தெரியும். அதுதான் எழுதுகிறேன். ஒழுங்கை முடக்கு வீட்டு அக்கா அடுத்த கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறா. அவவிடம் இதையும் ஒரு சின்னப் பொதியையும் கொடுத்து விடுகிறேன்.

முதலில் அதை அங்கிருந்து எடு. மற்றதை ஆறுதலாக வாசி.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "அது கீ வைச்ச வாத்தியம், உமக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறார். எனக்கு ஊதத் தெரியாதுதான். ஆனால் முப்பது வருஷமாக இந்த வீட்டில் அப்பாவின் நாதஸ்வரத்துக்கு ஊதுகிற நாணல், அந்தச் சீவாளி கழுவியது யார்? திருவிழா முடிந்து இரவு ஒரு மணிக்கு வந்து மனுசன் அப்படியே சரிந்துவிடுவார். உறையைக் கழற்றி, நாயனத்தைத் துடைத்து, சீவாளிகளைக் கோர்வையோடு எடுத்துக் காயவைத்தது நான். மரத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் உனக்கு இதுவரை சொல்லவில்லை.

அப்பாவின் பழைய நாயனத்தில் இரண்டாம் துளைக்கும் மூன்றாம் துளைக்கும் நடுவில் நூல் சுற்றியிருக்கும், ஞாபகமா? சின்னனில் நீ அதைத் தடவித் தடவி, ஏன் கட்டியிருக்கு என்று கேட்பாய். அழகுக்கு என்று அப்பா சொல்வார். அழகுக்கு இல்லை ராசா. அதை வெடிக்க வைத்தது நான்.

1995 ஒக்டோபர் 30. ஆமி வருகுதென்று வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. எங்களுக்குக் கலியாணம் முடித்து ஒரு வருஷம்கூட இல்லை. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஆட்களுக்குள் நசுங்கி, ஓரடி வைக்க அரை மணித்தியாலம் போனது. எல்லோரும் அரிசியும் உடுப்பும் தூக்கிக்கொண்டு போக, அப்பா என் கூறைச்சேலையால் நாயனத்தைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. சேலையைப் பிரித்தால் நாயனத்துக்குள் தண்ணீர். கவிழ்த்தால் அணசு, அந்த அகன்ற அடிவாய் வழியாக ஒழுகியது.

மற்ற நாள் விடிய அப்பா கிணறு தேடிப் போனார். அவர் வருவதற்குள் காயவைத்து விடுவோம் என்று, மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் உலவை, அந்த நீள மரக்குழலைச் சரித்து வைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சோறு வடிக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். கொள்ளி வெடித்ததாக்கும் என்று திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு கையில் எடுத்தபோதுதான் மயிர் போல அந்தக் கோடு தெரிந்தது.

அப்பா வந்து பார்த்தார். பெருவிரல் நகத்தால் கோட்டைத் தடவினார். "சரி, நூல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நூலைத் தேன்மெழுகில் இழுத்து, பல்லால் கடித்துக் கடித்து இறுக்கிச் சுற்றினார். அது தமிழ்நாட்டு நரசிங்கன்பேட்டையில் கடைந்த ஆச்சா மரம். அங்கே பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சாவைத்தான் தேடி வாங்குவார்கள், வருஷக் கணக்கில் காய்ந்து ஓய்ந்த மரம் இனி அசையாது என்று. அப்படிப்பட்ட மரமே என் அடுப்புக்குத் தாங்கவில்லை. அந்த நாளில் இந்தியாவிலிருந்து இன்னொன்று எடுப்பிக்க வழியும் இல்லை. 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த பிறகுதான் புதிது வந்தது. அதுவரை எல்லாக் கோயிலிலும் அந்த நூலோடுதான் ஊதினார். என்னை ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஈரத்தை மரம் பொறுக்கும். அவசரச் சூட்டைத்தான் பொறுக்காது. உன் கிளாரினெற் செய்கிற ஆப்பிரிக்கக் கருமரம் இரும்பு போலக் கனம் என்றாய். இருக்கட்டும், அதுவும் மரம்தானே. நீ ஊதும்போது உள்ளே சூடும் ஈரமுமான மூச்சுப் போய் உட்பக்கம் ஊதிப் பெருக்கும். வெளிப்பக்கம் ஹீற்றரில் காய்ந்து சுருங்கி இருக்கும். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? அதிலும் மேல்துண்டுதான் வெடிக்கிறதாம், மூச்சு முதலில் படுவது அங்கேதானே. புதுக் கிளாரினெற்றை முதல் சில கிழமைக்கு நாளுக்கு 15, 20 நிமிடத்துக்கு மேல் ஊதாதே என்று உன் ஆசிரியர் சொன்னது அதனால்தான். நீ அதை உன்னை மட்டம் தட்டியதாக எடுத்துக்கொண்டாய்.

பனிக்குள்ளால் வந்த கையோடு பெட்டியைத் திறந்து ஊதாதே. பெட்டிக்குள்ளேயே அறைச் சூட்டுக்கு வரட்டும். பிறகு மேல்துண்டைக் கையில் பொத்தியோ கமக்கட்டில் வைத்தோ கொஞ்ச நேரம் இளஞ்சூடாக்கு. ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி அறையில் வை. 40க்கும் 60க்கும் நடுவில் நின்றால் மரத்துக்குச் சுகம்.

ஊதி முடித்தால் உடனே துடை, "பிறகு பார்ப்போம்" வேண்டாம். பாரம் கட்டிய நூலை உள்ளே விட்டுத் துணியை மெதுவாக இழு. சுருண்ட துணி நடுவில் சிக்கினால் பெரிய வில்லங்கம், விரித்துப் பார்த்து விடு. துண்டுகள் பொருந்துகிற வாய்களில் தண்ணீர் ஒளிந்திருக்கும், அதையும் ஒற்று. வாய்த்துண்டை வெந்நீரில் போட்டுவிடாதே, நிறம் மாறி நெளிந்து போகும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் நேற்றிரவு சண்டை. நாயனத்துக்குப் போடுகிற மாதிரி நல்லெண்ணெய் பூசச் சொல்கிறார். வேண்டாம் ராசா. துளைகளை மூடுகிற அந்த மெத்தைத் துண்டுகள் எண்ணெய் குடித்தால் கெட்டுப்போகும். கிளாரினெற் வாசிப்பவர்களுக்குள்ளேயே எண்ணெய் போடலாமா கூடாதா என்று இரண்டு கட்சி இருக்கிறதாம். உன் ஆசிரியரைக் கேட்டு அதன்படி செய்.

கோப்பி குடித்த வாயோடு ஊதுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். சீனி உள்ளே போய் அந்த மெத்தைகளைப் பிசுபிசுக்க வைக்கும். அப்பா வெற்றிலையை விடமாட்டார், ஆனால் நாயனம் தொட முதல் மூன்று தரம் வாய் கொப்பளிப்பார். ஒரே ஒரு தேர்த்திருவிழா அன்று மறந்துபோய்ச் சிவந்த சீவாளி இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. உன் கிளாரினெற் வாய்த்துண்டில் கட்டுகிற ரீட்டும் சீவாளியைப் போல நாணல்தானே. ஒன்றையே சாகும்வரை ஊதாமல் நாலுக்கு இலக்கம் போட்டு மாற்றி மாற்றி ஊது, கழற்றித் துடைத்துத் தட்டையாகக் காயவை.

அப்பாவுக்கு நீ கிளாரினெற் எடுத்ததில் கோபம் என்று நினைக்காதே. கிளாரினெற் வித்துவான் ஏ.கே.சி. நடராஜனும் நாதஸ்வரம் படித்தவர்தானே என்று வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்கிறார். முன்பல் இரண்டும் போனதிலிருந்து அவர் உறையைத் திறப்பதில்லை. ஆனால் நீ அனுப்பிய ஒலிப்பதிவைப் போனைக் காதோடு வைத்து நாலு தரம் கேட்டார்.

பொதியில் அப்பாவின் பழைய வேட்டியில் வெட்டிய துண்டுகள் ஆறு இருக்கின்றன. நாலுபக்கமும் மடித்துத் தைத்திருக்கிறேன், நூல் பிரிந்து உள்ளே சிக்காது. புதுத் துணியைவிட இது நன்றாக ஈரம் குடிக்கும். பருத்தித்துறை வடையும் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு கிளாரினெற்றைத் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது முதலில் கமெராவை அந்த யன்னல் பக்கம் திருப்பிக் காட்டு.

அன்புடன்,
அம்மா