ஜவுளிக்கடை விளம்பரம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை ஜவுளிக்கடைகளுக்கு நோட்டீஸும் பேனரும் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். விளக்குத்தூண் பக்கம் ஒரு சுற்று வந்தால், சேலை ‘தனித்துவமானது’, வேட்டி ‘தனித்துவமானது’, சின்னப் பிள்ளைகள் போடும் டவுசர்கூடத் ‘தனித்துவமானது’. எல்லாமே தனி என்றால் எதிலிருந்து தனி?

கடைக்குள் போய் உட்காருங்கள். சேலையை விரித்துப் போடுகிறவர் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். “அக்கா, இந்த அரக்குக்கு மஞ்சள் பார்டர் எடுப்பா இருக்கும் பாருங்க” என்பார். “எடுப்பா இல்லையே தம்பி, வேற காட்டுங்க” என்று பதில் வரும். வியாபாரமே ‘எடுப்பு’ என்ற சொல்லில்தான் ஓடுகிறது. வாசலில் தொங்கும் பேனரில் மட்டும் அது இல்லை.

எடுப்பாகத் தெரிய, பின்னால் அடங்கி நிற்க ஒன்று வேண்டும். நம்மூர்ச் சுங்குடியையே பாருங்கள். துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் முக்குகிறார்கள். காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால், சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அரக்கிலும் கரும்பச்சையிலும் அந்தப் புள்ளி எடுப்பாக இருக்கும். வெளிர் மஞ்சளில் அதே புள்ளி அமுங்கிவிடும். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை இது. இதற்குப் போய் ‘தனித்துவமான டிசைன்’ என்று எழுதினால், கையால் முடிந்ததா, மெழுகு அச்சில் போட்டதா என்பதுகூட வாங்குகிறவருக்குத் தெரியாது.

அதற்காக எடுப்பை எங்கும் ஒட்டிவிடாதீர்கள். எடுப்பான மூக்கு என்றால் பாராட்டு. பல்லுக்குச் சொன்னால் வம்பு. நாக்குக்கு அது ஆகவே ஆகாது, அங்கே ‘தூக்கல்’தான். ஜிகர்தண்டாவில் நன்னாரி தூக்கலாக இருக்கலாம், குழம்பில் காரம் தூக்கலாக இருக்கலாம். எடுப்பதும் தூக்குவதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான், ஆனாலும் ‘எடுப்பான இனிப்பு’ என்று யாரும் சொல்வதில்லை. தூக்கலில் கொஞ்சம் ‘அளவு மீறிவிட்டதோ’ என்ற முணுமுணுப்பும் உண்டு. மேக்கப் தூக்கல் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம்.

‘தனித்துவமான’ மேல் எனக்குப் பகை இல்லை. வேறு யாருக்கும் வராத ஒரு பாட்டுக்காரரின் குரலுக்கு அது பொருந்தும். ஆயிரம் பீஸ் ஒரே அச்சில் வந்த நைட்டிக்குப் பொருந்தாது. (கல்யாண பேனரில் ‘மாபெரும்’ போடுகிறவர்களுக்கு அப்புறம் தனியாக எழுதுகிறேன்.)

தீபாவளி நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன், சேலைப் பிரிவில் நிற்பவரிடம் “இதை எப்படிச் சொல்லி விப்பீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேனர்களை நின்று வாசிக்கும் ஒருவர்