மேலூர் ஆட்டோ அண்ணனுக்கு

மகளின் பள்ளிக் கட்டுரைக்காக, முன்னாள் அமைச்சர் கக்கன் பிறந்த தும்பைப்பட்டியைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். மேலூரில் பேருந்தைவிட்டு இறங்கிப் பார்த்தால் பையில் பர்ஸ் இல்லை. போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அண்ணே, நாங்கள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நான் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடுவதைப் பார்த்து நீங்களே வந்து, "முதல்ல பாப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுங்க" என்று நாற்பது ரூபாயை நீட்டினீர்கள். விவரம் சொன்னதும் மணிமண்டபத்துக்கே கூட்டிப்போய், நாங்கள் பார்த்து முடிக்கும்வரை வெயிலில் காத்திருந்தீர்கள்.

வழியில் நீங்கள் சொன்னதெல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது. கக்கன் உள்துறை அமைச்சராக இருந்த 1964இல்தான் மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை வந்தது. 1967இல் தோற்றபின் டவுன் பஸ்ஸில்தான் பயணம். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தவரை எம்.ஜி.ஆர். கண்டு பதறிப்போனார். (புத்தகத்தில் நான்கு வரிதான் இருந்தது!)

திரும்பி வந்ததும் மதுரைக்கு டிக்கெட் காசும் கொடுத்தீர்கள். பணத்தை அனுப்ப நம்பர் கேட்டேன். "கக்கனைப் பார்க்க வந்தவங்ககிட்ட காசு வாங்கவா?" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள். பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மேலூர்க்காரர்கள் யாராவது அவரிடம் இதைக் காட்டுங்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஆட்டோ வரைந்திருக்கிறாள், அண்ணே.