வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது வரை

பாப்பா,

மெசேஜில் அடங்காது என்பதால் மெயிலாக எழுதுகிறேன். படித்துவிட்டாய் என்று காட்டியும் பதில் வராத மெசேஜ்களோடு இதுவும் சேர வேண்டாம் என்று ஒரு எண்ணமும் உண்டு. கோபம் எல்லாம் இல்லை. வேலை அதிகம் என்றாய், சரி.

விஷயம் இதுதான். உங்கள் லண்டன் நேஷனல் கேலரி, அந்த ஓவிய மியூசியம், வெள்ளிக்கிழமைகளில் ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும். உனக்குத் தெரியாததா, எனக்குக் காட்டியதே நீதான். ஆனால் நீ போய் எவ்வளவு நாளாயிற்று? ஆபீஸ் முடிந்ததும் நேரே ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல், டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கி ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டுப் போகலாமே. சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட், மற்றதற்குக் காசு கிடையாது. தனியாகப் போனால் என்ன? கூட ஆள் வந்தால் பாதி நேரம் அவர்கள் எங்கே போனார்கள் என்று தேடுவதிலேயே போய்விடும். உன் அப்பாவோடு பிரிட்டிஷ் மியூசியம் சுற்றியவள் சொல்கிறேன். மொத்தம் எண்பது லட்சம் பொருட்கள், அதில் ஒரு சதவீதம்தான் வெளியே வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாலும் சொன்னாய், அந்த ஒரு சதவீதத்தையாவது முடித்தே தீருவது என்று மனிதர் நடந்தார். என் முழங்கால் போனதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரு படம் போதும். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து அந்தக் கேலரியின் படங்களை எல்லாம் வேல்ஸில் ஒரு ஸ்லேட் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் இல்லையா, சுவரெல்லாம் காலியாகக் கிடக்க, 1942-லிருந்து மாதம் ஒரே ஒரு படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்களாம். அந்த ஒன்றைப் பார்க்கவே ஜனங்கள் வந்திருக்கிறார்கள். இதை நீ சொல்லவில்லை, நானே தேடிப் படித்தேன். நீ சொல்வதை நிறுத்திவிட்டாயே, வேறு என்ன செய்வது.

ரெம்பிராண்ட் தன் 63-வது வயதில் வரைந்துகொண்ட முகத்துக்கு எதிரே என்னை நிறுத்திவைத்து, முதலில் கையில் பிரஷ் பிடித்த மாதிரிதான் வரைந்தார், அப்புறம் அதை அழித்து வெறும் கைகளைக் கோர்த்துவிட்டார், எக்ஸ்ரேயில் தெரிந்தது என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், நம் பாஷை ஒரு வார்த்தை புரியாதவர், படத்தை விட்டுவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இருக்கிறதே, உன்னிடம் சொன்னால் தலைக்கனம் ஏறும் என்று சொல்லவில்லை. அப்படிப் பேசுகிற பெண் இப்போது "ம்", "சரிம்மா", "அப்புறம் பேசறேன்". அவ்வளவுதான்.

நீ அனுப்பும் போட்டோக்களில் முன்பெல்லாம் படத்துக்குப் பக்கத்தில் நீயும் நிற்பாய், சிரித்துக்கொண்டு. யார் எடுத்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்புறம் வெறும் படங்களாக வந்தன. அப்புறம் அதுவும் இல்லை. இப்போதும் கேட்கவில்லை.

போனால் அந்த அர்னோல்ஃபினி ஜோடி படத்தை எனக்காக ஒருதரம் பார்த்துவிட்டு வா. யான் வான் ஐக் வரைந்தது. நான் இங்கே கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்த நாயின் ஒவ்வொரு முடியும் தெரிகிறது, நடுவில் இருக்கிற குட்டிக் கண்ணாடியில் வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேர் தெரிகிறார்கள், கண்ணாடிக்கு மேலே சுவரில் "யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434" என்று எழுதியே வைத்திருக்கிறார். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது கல்யாணமா, நிச்சயதார்த்தமா, ஏற்கெனவே கல்யாணமானவர்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வரையும்போது அந்தப் பெண்ணே உயிரோடு இல்லை என்றுகூட ஒரு கட்சி இருக்கிறது. ஆறு நூற்றாண்டு ஆகப்போகிறது, படித்தவர்களுக்கே தீர்மானமாகவில்லை, அதனால் இந்த மாதிரி விஷயத்தில் யாரும் யாருக்கும் உடனே விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிட்டால் போதும், தூங்கினால் போதும்.

அங்கே பெஞ்ச் கிடைத்தால் உட்கார்ந்து பார். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பை முதலில் படிக்காதே, படத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் படி. கையில் நோட்டு எடுத்துப் போ, பென்சிலால் வரைகிறவர்களை அங்கே நானே பார்த்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து பார், நின்றுகொண்டே பார்த்தால் உனக்கு இடுப்பு வலிக்கும். வெள்ளிக்கிழமை கூட்டமாக இருந்தால் எட்டு மணிக்கு மேல் போ. ஆனால் போ.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்தி கேட்டாள், நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் எதுவும் பேசவில்லை.

டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று அப்பா தினமும் கேட்கிறார். ஒன்றா இரண்டா என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடு, மாடி ரூமைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்று என்றாலும் சுத்தம் செய்யத்தான் போகிறோம்.

அம்மா